பகிர்வு டிஸ்க் மக்கர் செய்கிறதா? கிளஸ்டரில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சேலத்தில் நான் போய்வரும் சர்வர் அறைகளில், அது நூல் மில்லாக இருந்தாலும் மருத்துவமனையாக இருந்தாலும், அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு சர்வர், கீழே ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, நடுவில் ஸ்விட்ச், மேலே விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டர் (ஒரு சர்வர் விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு; அதில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு). அதன்மேல் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்-வி ஓடும், அல்லது ஒரு டேட்டாபேஸ் ஓடும். இந்தக் குறிப்பு அப்படிப்பட்ட அமைப்பைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கு. போனில் புகார் எந்த வார்த்தையில் வருமோ அந்த வார்த்தையிலேயே தலைப்பு வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கை வைக்கும் முன்

"டிஸ்க் போச்சு சார்" என்று அழைப்பு வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் டிஸ்க்கும் அதில் உள்ள தகவலும் பத்திரமாகத்தான் இருக்கும். சர்வரிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் வழி அறுந்திருக்கும், அல்லது அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் குழப்பம் வந்திருக்கும். இரண்டுமே திரும்பச் சரியாகக்கூடியவை. தகவல் நிஜமாக அழிவது, அந்தக் குழப்பத்தின் நடுவில் யாரோ அவசரப்பட்டு அழுத்தும் பொத்தானால்தான்.

அதனால் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்ததும் "இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். ஃபார்மேட் கேட்டாலும் அதேதான். ஆஃப்லைன் என்று காட்டும் கிளஸ்டர் டிஸ்க்கைக் கையால் ஆன்லைன் செய்யாதீர்கள். கிளஸ்டர் சரியாக அமைந்திருக்கிறதா என்று சோதிக்கும் வேலிடேஷனை ஓட்டுவதாக இருந்தால் ஸ்டோரேஜ் சோதனையைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். சோதிக்கும் டிஸ்க்கை அது ஆஃப்லைன் ஆக்கும், பகல் ஷிஃப்டில் அதை ஓட்டினால் மில்லே நிற்கும். இந்தச் சோதனைக்கென்றே சின்னதாக ஓர் உபரி லன் (பெட்டி சர்வருக்கு ஒரு டிஸ்க்காகக் காட்டும் பங்கு) ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு மூன்று இடங்களைப் பாருங்கள், பார்க்க மட்டும் செய்யுங்கள். ஒன்று, ஃபெயில்ஓவர் கிளஸ்டர் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் ஓனர் நோடு எது என்பது. இரண்டு, இரு நோடுகளிலும் சிஸ்டம் லாக். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மூன்று, ஸ்டோரேஜ் பெட்டியின் சொந்த நிர்வாகத் திரை. பலர் இதைத் திறப்பதே இல்லை. பாஸ்வேர்டு பழைய ஆளோடு போயிருக்கும். அது கையில் இல்லையென்றால் இன்றைக்கே அதைத் தேடி எடுத்து வையுங்கள், பிரச்சினை வரும் இரவில் அதைத் தேட நேரம் இருக்காது.

ஒரு நோடில் டிஸ்க் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவே இல்லை

தெரியாத நோடில் முதலில் டிஸ்க் மேனேஜ்மென்டில் ரீஸ்கேன் கொடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வழியைப் பார்க்க வேண்டியதுதான்.

நெட்வொர்க் வழியாக டிஸ்க்கை இணைக்கும் ஐஸ்கஸி அமைப்பாக இருந்தால் ஐஸ்கஸி இனிஷியேட்டரைத் திறந்து டார்கெட், அதாவது ஸ்டோரேஜ் பக்கம், "கனெக்டட்" என்று இருக்கிறதா பாருங்கள். "இன்ஆக்டிவ்" என்றால், சர்வர் ரீஸ்டார்ட் ஆனபோது அந்த இணைப்பு திரும்பப் போடப்படவில்லை. "ஃபேவரைட் டார்கெட்ஸ்" பட்டியலில் அந்த டார்கெட் இருக்கிறதா என்று சரிபாருங்கள். அங்கே இல்லாதது ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் காணாமல்தான் போகும். "ரீகனெக்டிங்" என்றே நின்றால் நெட்வொர்க் பக்கம் திரும்புங்கள். ஸ்டோரேஜ் முகவரியின் 3260 போர்ட்டுக்கு இந்த நோடிலிருந்து தொடர்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் டிஸ்க் மட்டும் வரவில்லை என்றால், சர்வரின் பெயரை யாராவது மாற்றினார்களா அல்லது அதைப் புதிதாக டொமைனில் சேர்த்தார்களா என்று விசாரியுங்கள். விண்டோஸ் தானாக வைக்கும் ஐக்யூஎன் பெயரில் (ஐஸ்கஸியில் சர்வரின் அடையாளம்) சர்வரின் பெயரும் டொமைனின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் மாறினால் ஐக்யூஎன்னும் மாறும். ஸ்டோரேஜ் பெட்டியோ பழைய ஐக்யூஎன்னுக்குத்தான் அனுமதி கொடுத்து வைத்திருக்கும், அதனால் புதுப் பெயரோடு வரும் சர்வருக்கு வாசல் திறக்காது. பெட்டியின் ஹோஸ்ட் பட்டியலில் புதிய ஐக்யூஎன்னைச் சேர்த்தால் முடிந்தது. ஃபைபர் கேபிளில் ஸ்டோரேஜை இணைக்கும் ஃபைபர் சேனலில் இதே கதை வேறு உருவில் வரும். சர்வரில் இருக்கும் ஹெச்பிஏ என்ற இணைப்புக் கார்டை மாற்றினால் அதன் அடையாள எண்ணான டபிள்யூடபிள்யூஎன் மாறிவிடும். அதற்கேற்ப எது எதோடு பேசலாம் என்ற ஸ்விட்ச்சின் ஸோனிங்கிலும், எந்த லன் யாருக்கு என்ற பெட்டியின் மேப்பிங்கிலும் திருத்த வேண்டும். கார்டு மாற்ற வந்த ஆள் கார்டை மாற்றிவிட்டுப் போய்விடுவார், இது யாருக்கும் நினைவிருக்காது.

"ரிசர்வ்டு" என்று காட்டுகிறது, திறக்க முடியவில்லை

இது பிழையே அல்ல. கிளஸ்டரில் சாதாரண டிஸ்க் ஒரு நேரத்தில் ஒரு நோடின் கையில்தான் இருக்கும். வைத்திருக்கும் நோடு, ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் என்ற முறையில் ஸ்டோரேஜ் பெட்டியிடமே தன் சாவியைப் பதிந்து, இது என்னுடையது என்று சொல்லி வைக்கிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்கிறது. மற்ற நோடு எட்டிப் பார்த்தால் "ரிசர்வ்டு" என்றுதான் தெரியும், சில நேரம் டிஸ்க்கின் உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்பதும் இதனால்தான். கேன்சல் கொடுத்துவிட்டு, ஓனர் நோடில் போய்ப் பாருங்கள்.

நிஜமாகவே பிரச்சினை எப்போது என்றால், கிளஸ்டரைக் கலைத்துவிட்டு அந்த லன்னை வேறு வேலைக்குக் கொடுக்கும்போதும் ரிசர்வேஷன் ஒட்டிக்கொண்டே இருந்தால். பவர்ஷெல்லில் கிளியர் கிளஸ்டர் டிஸ்க் ரிசர்வேஷன் என்ற கட்டளை அதை நீக்கும். வேறு எந்தக் கிளஸ்டரும் அந்த லன்னைப் பிடித்திருக்கவில்லை என்று பெட்டியின் திரையில் உறுதி செய்த பிறகே இதைக் கொடுங்கள்.

ஒரு சர்வரில் போட்ட ஃபைல் இன்னொன்றில் வரவில்லை

இந்தப் புகாரைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: கிளஸ்டர் எதுவும் போடாமல், ஒரே லன்னை இரண்டு சர்வருக்கும் மேப் செய்து, இரண்டிலும் ஆன்லைன் செய்து, ஒரே டிரைவ் போலப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஷேர் ஃபோல்டர் என்றால் நடுவில் ஒரு சர்வர் நின்று இருவருக்கும் பொதுவாகக் கணக்கு வைக்கும். லன்னில் அப்படி யாரும் நடுவில் இல்லை. விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு சர்வரிலும் டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்து, எது காலி இடம் என்ற கணக்கைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. லீ பஜார் மண்டியில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே பேரேட்டை ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். ஒருவர் காலி என்று நினைத்த பக்கத்தில் மற்றவர் ஏற்கெனவே எழுதியிருப்பார்.

லினக்ஸிலும் இதேதான். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்புகள் இரண்டும் ஒரு நேரத்தில் ஒரு சர்வருக்கானவை. பலரும் ஒன்றாக எழுத வேண்டும் என்றால் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்றவை வேண்டும், அவற்றுக்குப் பூட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் சேவையும், தகராறு செய்யும் நோடை வெளியே தள்ளும் ஃபென்சிங்கும் வேண்டும். ஃபென்சிங்கை "அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இல்லாமல் அந்த அமைப்பை ஓட்டாதீர்கள் என்பது என் கருத்து.

சரிசெய்யும் வழி: ஒரு சர்வரிலிருந்து லன்னின் மேப்பிங்கைப் பெட்டியிலேயே எடுத்துவிடுங்கள். மற்றொன்றில் உள்ள தகவலை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். நகல் எடுத்த பிறகுதான் ஃபைல் அமைப்பைச் சரிபார்க்கும் செக்டிஸ்க். முதலிலேயே செக்டிஸ்க் ஓட்டினால், குழம்பிய கணக்கை அது தனக்குத் தெரிந்தபடி "திருத்தி" மீட்க முடிந்ததையும் கழித்துவிடும்.

ஒரே டிஸ்க் இரண்டாக, நான்காகத் தெரிகிறது

வழி இரண்டு இருப்பதால் டிஸ்க்கும் இரண்டு என்று விண்டோஸ் எண்ணிக்கொள்கிறது. பல வழிகளை ஒரே டிஸ்க்காகச் சேர்த்துக் காட்டும் எம்பிஐஓ அம்சம் நிறுவப்படவில்லை, அல்லது நிறுவியும் அந்த ஸ்டோரேஜை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவில்லை. நோடில் ஓடும் வேலைகளை மறு நோடுக்கு மாற்றிவிட்டு, எம்பிஐஓ அமைப்பில் "டிஸ்கவர் மல்டி-பாத்ஸ்" பக்கத்தில் ஐஸ்கஸி ஆதரவைச் சேருங்கள். ரீஸ்டார்ட் கேட்கும். எழுந்து வந்ததும் டிஸ்க் ஒன்றாகியிருக்க வேண்டும்.

அதோடு நிறுத்தாமல், ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். வேலை தொடர்கிறதா? திரும்பச் செருகிவிட்டு அடுத்த கேபிளைப் பிடுங்குங்கள். இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்ச்சில் போய் முடிவதும், இரண்டு ஸ்விட்ச்சும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருப்பதும் நாம் அடிக்கடி காணும் அழகு. காகிதத்தில் இரண்டு வழி இருக்கும், நிஜத்தில் ஒரு பிளக்கில் எல்லாம் தொங்கும்.

வேலை நடக்கிறது, ஆனால் ஊர்ந்து போகிறது

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இங்கே எதுவும் சிவப்பாக இருக்காது. கிளஸ்டர் மேனேஜரில் எல்லாம் ஆன்லைன், பயனர்கள் மட்டும் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கிளஸ்டர் ஷேர்டு வால்யூம் என்ற சிஎஸ்வி முறை விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பில் வந்தது. சி டிரைவில் கிளஸ்டர்ஸ்டோரேஜ் என்ற ஃபோல்டருக்குக் கீழே எல்லா நோடுகளிலும் ஒரே வால்யூம் தெரியும். எல்லா நோடுகளும் ஃபைலுக்குள் நேராக எழுதலாம். ஆனால் ஃபைல் உருவாக்குவது, நீட்டுவது, பெயர் மாற்றுவது போன்ற கணக்கு வேலைகள் ஒரே நோடு வழியாகத்தான் நடக்கும். அதற்குக் கோஆர்டினேட்டர் என்று பெயர். இது நலமாக ஓடும்போது நிலை "டைரக்ட்". ஏதாவது ஒரு காரணத்தால் நோடு நேராக எழுத முடியாமல் போனால் எழுதுவதையெல்லாம் நெட்வொர்க் வழியாகக் கோஆர்டினேட்டருக்கு அனுப்பும். அப்போது நிலை "ரீடைரக்டட்". வேலை நிற்காது என்பது இதன் நல்ல பக்கம். மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் அப்படியே ஓடும் என்பது கெட்ட பக்கம். கிளஸ்டர் நெட்வொர்க் 1 ஜிகாபிட் என்றால் நொடிக்கு 125 எம்பிதான் உச்சம், அதை எல்லா விர்ச்சுவல் மெஷினும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

பவர்ஷெல்லில் கெட் கிளஸ்டர் ஷேர்டு வால்யூம் ஸ்டேட் என்ற கட்டளையைக் கொடுங்கள். 2012 ஆர்2 முதல் இது உண்டு. ஒவ்வொரு நோடுக்கும் நிலையையும், டைரக்ட் இல்லையென்றால் காரணத்தையும் சொல்லும். இரண்டு வகை வரும்.

"பிளாக் ரீடைரக்டட்" என்று வந்தால் அந்த நோடுக்கு ஸ்டோரேஜுக்கான நேர்வழி இல்லை. சிஸ்டம் லாக்கில் 5121 என்ற எண்ணுள்ள ஈவென்ட் இருக்கும். மேலே சொன்ன முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். கேபிள், மேப்பிங், எம்பிஐஓ, இவற்றில் ஒன்றில்தான் கோளாறு.

"ஃபைல் சிஸ்டம் ரீடைரக்டட்" என்றால் வழி இருக்கிறது, நடுவில் எதுவோ மறிக்கிறது. யாராவது கையால் ரீடைரக்டட் நிலையைப் போட்டுவிட்டு மறந்தார்களா என்று முதலில் பாருங்கள், வலது கிளிக் செய்தாலே தெரியும். அடுத்து வால்யூம் என்டிஎஃப்எஸ் இல்லாமல் ரீஎஃப்எஸ் என்ற புதிய ஃபைல் அமைப்பில் இருக்கிறதா பாருங்கள். இப்படிப் பல சர்வர் பகிரும் ஸான் ஸ்டோரேஜில் ரீஎஃப்எஸ் போட்டால் சிஎஸ்வி எப்போதும் ரீடைரக்டட் நிலையில்தான் ஓடும், அது அதன் இயல்பு. "புதுசு, நல்லா இருக்கும்" என்று யாரோ சொல்லி அப்படி ஃபார்மேட் செய்திருந்தால், தகவலை நகர்த்தி என்டிஎஃப்எஸ் ஆக்குவதைத் தவிர வழியில்லை. 5125 என்ற ஈவென்ட் இருந்தால் ஒரு ஃபில்டர் டிரைவர்தான் காரணம். ஆன்ட்டிவைரஸ், ரெப்ளிகேஷன் மென்பொருள், பழைய பேக்கப் ஏஜென்ட் போன்றவை இப்படி டிஸ்க்குக்கு மேலே வந்து உட்காரும். ஆன்ட்டிவைரஸை ஐகானில் அணைப்பதால் பயனில்லை, டிரைவர் ஏறியபடியே இருக்கும். எஃப்எல்டிஎம்சி என்ற கட்டளை ஏறியிருக்கும் ஃபில்டர்களைக் காட்டும். இரு நோடுகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நன்றாக ஓடும் நோடில் இல்லாதது எது? பெரும்பாலும் அதுதான் ஆள். அந்த மென்பொருளின் சிஎஸ்விக்கு ஏற்ற பதிப்பைப் போடுங்கள், இல்லையென்றால் நீக்குங்கள். எப்படியும் கிளஸ்டர்ஸ்டோரேஜ் ஃபோல்டரை ஆன்ட்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கி வையுங்கள்.

பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும் மந்தமாகிறது என்றால் கிளஸ்டரின் வயதைப் பாருங்கள். 2008 ஆர்2-வில் பேக்கப் ஓடும்வரை வால்யூம் ரீடைரக்டட் ஆகிவிடும். 2012-இல் அது மாறியது. பழைய பதிப்பை இன்னும் வைத்திருந்தால் பேக்கப் நேரத்தை ஷிஃப்ட் இல்லாத வேளைக்குத் தள்ளுவதுதான் செய்யக்கூடியது.

இன்னொன்று. சிஎஸ்வி நெட்வொர்க் வழியாகப் பேசுவது விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பியில்தான். பாதுகாப்புக்காக என்று சொல்லி நோடுகளுக்கு இடையிலான அடாப்டரில் "கிளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்", "ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்" இரண்டையும் யாராவது எடுத்துவிட்டிருந்தால், ரீடைரக்டட் வழியும் கணக்கு வேலைகளும் அந்த வேகமான அடாப்டரில் போகாது. இரண்டும் டிக் ஆகியிருக்க வேண்டும்.

5120 வருகிறது, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிறது

5120 என்றால் சிஎஸ்வி அந்த நோடுக்குத் தற்காலிகமாக எட்டவில்லை, திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். விர்ச்சுவல் மெஷின்கள் சற்று உறைந்து நின்று மீண்டும் ஓடும். 5142 வந்தால் முயற்சியும் தோற்றுவிட்டது.

5120-இன் செய்திக்குள் ஒரு நிலைக் குறிப்பு இருக்கும், அதை விடாமல் படியுங்கள். "ஐஓ டைம்அவுட்" என்றிருந்தால் ஸ்டோரேஜ் பக்கம், "கனெக்‌ஷன் டிஸ்கனெக்டட்" என்றிருந்தால் நோடுகளுக்கு இடையிலான நெட்வொர்க் பக்கம். பிறகு அதே நிமிடத்தில் கோஆர்டினேட்டர் நோடின் சிஸ்டம் லாக்கில் என்ன வந்தது என்று பாருங்கள். 153 என்றால் ஒரு வேண்டுகோள் மறுபடி அனுப்பப்பட்டிருக்கிறது. 129 என்றால் பதிலே வராமல் டிஸ்க் வழியை ரீசெட் செய்திருக்கிறது. 157 என்றால் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போயிருக்கிறது. 153 அங்கொன்றும் இங்கொன்றுமாக வரத் தொடங்கினாலே பெட்டியைக் கவனிக்க வேண்டிய நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்கஸியில் முதல் சந்தேகம் ஜம்போ ஃபிரேம், அதாவது நெட்வொர்க் பொட்டலத்தின் அளவை வழக்கமான 1500 பைட்டிலிருந்து 9000-க்கு ஏற்றுவது. சர்வரில் 9000 போட்டு, பெட்டியிலும் 9000 போட்டு, ஸ்விட்ச்சில் மட்டும் 1500 என்று விட்டிருப்பார்கள். சின்ன வேலைகள் ஓடும், பெரிய நகல் எடுக்கும்போது திணறும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் அளவில் ஸ்டோரேஜுக்குப் பிங் செய்யுங்கள். 28 பைட் தலைப்புகளுக்குப் போய்விடும், அதனால்தான் 9000 என்று கொடுப்பதில்லை. பதில் வரவில்லை என்றால் வழியில் ஓர் இடம் ஒத்துப்போகவில்லை. அதைத் தேடிப் பிடிக்க நேரமில்லையா, எல்லா இடத்திலும் 1500-க்கு இறக்கிவிடுங்கள். ஒத்துப்போகும் 1500, ஒத்துப்போகாத 9000-ஐவிட எவ்வளவோ மேல்.

நம் ஊருக்கே உரிய காரணமும் ஒன்று உண்டு. மில்லுக்குள் இருக்கும் சர்வர் அறையில் பஞ்சுத் தூசி புகாமல் இருக்காது. விசிறியில் அப்பி, ஸ்விட்ச்சின் காலி போர்ட்டுகளுக்குள் அடைந்து, ஃபைபர் முனையிலும் படியும். மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தொடும் நாளில் ஏசி கொஞ்சம் இளைத்தாலே பெட்டியின் கன்ட்ரோலர் சூட்டில் திணறும். மதியம் மட்டும் 129 வருகிறது, இரவில் இல்லை என்றால் கட்டளைகளை விட்டுவிட்டு அறைக்குள் போய் நின்று பாருங்கள். காலி போர்ட்டுகளுக்கு மூடி போடுங்கள். ஃபைபர் முனையைச் சட்டைத் துணியால் துடைக்க வேண்டாம், அதற்கென்று துடைப்பான் கிடைக்கிறது.

நோடு ஒன்று அடிக்கடி வெளியே போய் வருகிறது

ஈவென்ட் 1135. இது டிஸ்க் பிழை போலத் தெரிந்தாலும் நெட்வொர்க் பிழை. நோடுகள் நொடிக்கு ஒருமுறை யுடிபி 3343-இல் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. விண்டோஸ் சர்வர் 2016-இல் 10 முறை பதில் இல்லையென்றால் வெளியேற்றம், 2019-இல் 20 முறை. ஃபயர்வால், நெட்வொர்க் கார்டின் டிரைவர், ஸ்விட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். எண்ணை ஏற்றி அறிகுறியை மறைப்பது கடைசிப் போக்கிடம்.

கரண்ட் போய் வந்தது, கிளஸ்டர் எழவில்லை

கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழும். அங்கேதான் சிக்கல். சர்வர் சீக்கிரம் எழுந்துவிடும், ஸ்டோரேஜ் பெட்டி தன் டிஸ்க்குகளைச் சரிபார்த்து எழத் தாமதமாகும். சர்வர் தேடும்போது டிஸ்க் இல்லை. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ஸ்விட்ச், அடுத்து ஸ்டோரேஜ் பெட்டி, அது முழுக்கத் தயார் என்று அதன் திரையே சொன்ன பிறகு டொமைன் கன்ட்ரோலர் (பயனர், சர்வர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்), கடைசியில் நோடுகள். சர்வரின் பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக எழும் அமைப்புக்குத் தாமதம் வைக்க முடிந்தால் வையுங்கள். டொமைன் கன்ட்ரோலரே கிளஸ்டருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் 2012-க்கு முந்தைய பதிப்பில் கோழி முதலா முட்டை முதலா என்ற நிலைதான். 2012 முதல் டொமைன் இல்லாமலும் கிளஸ்டர் எழும். ஆனாலும் ஒரு டொமைன் கன்ட்ரோலரை வெளியே வைத்திருப்பதே நிம்மதி.

வரிசை சரியாக இருந்தும் எழவில்லை, லாக்கில் 1177 இருக்கிறது என்றால் கோரம் பிரச்சினை. நோடுகளுக்கும் விட்னஸ் என்ற சாட்சிக்கும் ஓட்டு உண்டு, கிளஸ்டர் எழப் போதுமான ஓட்டு சேரவில்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. யூபிஎஸ் இறங்கும்போது முதல் நோடு முதலில் அணைந்து, இரண்டாவது கடைசிவரை நின்று அணைந்திருந்தால், ஓட்டுகளைத் தானே மாற்றியமைக்கும் டைனமிக் கோரம் முதல் நோடின் ஓட்டை எடுத்திருக்கும். இப்போது முதல் நோடை மட்டும் எழுப்பினால் அது தனியாகக் கிளஸ்டரை அமைக்காது. கடைசியாக அணைந்த நோடை எழுப்புங்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். டிஸ்க் விட்னஸ் இருந்தால் கிளஸ்டரின் கணக்குப் பதிவின் ஒரு நகல் அதிலேயே இருக்கும், அதனால் இந்தச் சிக்கல் குறைவு. ஃபைல் ஷேர் விட்னஸில் அந்த நகல் இருக்காது. டிஸ்க் விட்னஸுக்கு 512 எம்பி போதும், ஒரே கட்டடத்தில் பகிர்வு ஸ்டோரேஜ் வைத்திருப்பவர்கள் அதையே வைக்கலாம் என்பது என் விருப்பம்.

கடைசியாக அணைந்த நோடு நிஜமாகவே பழுதாகிவிட்டது என்றால் மட்டும் ஃபோர்ஸ் கிளஸ்டர் ஸ்டார்ட். ஒரே ஒரு நோடில். மற்ற நோடின் பவர் கேபிள் பிடுங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு.

விட்னஸ் ஏற்காட்டில் இருக்கிறது, மழை வந்தால் பிரச்சினை

எஸ்டேட்டும் டவுன் ஆபீஸும் வைத்திருப்பவர்கள் சிலர் கிளஸ்டரைச் சேலத்திலும் ஃபைல் ஷேர் விட்னஸை மலைமேல் ஆபீஸிலும் வைக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் விட்னஸ் இருப்பது யோசனையாக நல்லதுதான். சேர்வராயன் மலையில் கோடை மழை இடியோடு வரும், அப்போது இணைப்பு அறுபடும், 1564 வரும். "மூடுபனி சார், சிக்னல் எடுக்கவில்லை" என்பார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இணைப்புக்கு மூடுபனி பெரிய தடையே அல்ல. மலைமேல் கரண்ட் போய் ரேடியோவின் பேட்டரி இறங்கிவிட்டதா, இடியில் பவர் கொடுக்கும் அடாப்டர் அடிபட்டதா என்று அங்கே ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணைப்பு அறுந்த மட்டில் கிளஸ்டர் விழாது. விட்னஸ் போனதும் இரண்டு நோடில் ஒன்றின் ஓட்டைக் கிளஸ்டர் தானே எடுத்துவிட்டு ஒற்றை ஓட்டில் ஓடும். ஓட்டு இல்லாத நோடு திடீரென்று விழுந்தால் தப்பிக்கலாம், ஓட்டு உள்ளது விழுந்தால் எல்லாம் நிற்கும். ஆகவே மழை நேரத்தில் விட்னஸ் இல்லாத நிலையில் நோடு எதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். அப்டேட் போடும் வேலையை இணைப்பு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க் "ஃபெயில்டு", ஆன்லைன் ஆக மறுக்கிறது

1069 பொதுவான செய்தி, அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கூடவே 1034 இருந்தால் கிளஸ்டர் தனக்குத் தெரிந்த அடையாளமுள்ள டிஸ்க்கைத் தேடிக் காணவில்லை. லன்னைப் பேக்கப்பிலிருந்து மீட்டிருப்பார்கள், புதிதாக நகலெடுத்து மாற்றியிருப்பார்கள். தகவல் அதேதான், அடையாளம் வேறு. கிளஸ்டர் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து, "மோர் ஆக்‌ஷன்ஸ்" கீழே "ரிப்பேர்" கொடுத்து, புதிய லன்னைக் காட்டுங்கள். நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் மற்ற வேலைகள் அதைச் சார்ந்திருக்கும் தொடர்புகளெல்லாம் அறுந்துபோகும்.

லன்னின் அந்த நேரத்து நகலான ஸ்னாப்ஷாட்டை எடுத்து அதே நோடுக்கே மேப் செய்தால் ஒரே அடையாளக் கையெழுத்தில் இரண்டு டிஸ்க் வந்து நிற்கும், ஒன்றை விண்டோஸ் ஆஃப்லைன் ஆக்கும். ஸ்னாப்ஷாட்டைத் திறந்து பார்க்கக் கிளஸ்டரில் இல்லாத தனிச் சர்வர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆன்லைன் பெண்டிங்" என்று நெடுநேரம் நின்றால் பின்னால் செக்டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். டாஸ்க் மேனேஜரில் அது ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் தொடாதீர்கள். நிர்வாகி எவ்வளவு கத்தினாலும் தொடாதீர்கள்.

டிஸ்க் நலமாக இருந்தும் அதைப் பயன்படுத்தும் வேலைகளின் குரூப் மட்டும் ஃபெயில்டு என்றே நின்றால், 6 மணி நேரத்தில் அனுமதித்த முறைகளைத் தாண்டி அது விழுந்திருக்கும். அதன்பிறகு கிளஸ்டர் தானாக முயலாது. மூலக் காரணத்தைத் தீர்த்துவிட்டுக் கிளஸ்டர் மேனேஜரில் குரூப்பைக் கையால் ஆன்லைன் செய்தால் போதும்.

இடம் கூட்டினேன், தெரியவில்லை. இடம் இருக்கிறது, எழுதவில்லை

முதலாவது சுலபம். பெட்டியில் லன்னைப் பெரிதாக்கிய பிறகு ஓனர் நோடில் ரீஸ்கேன் செய்து, அங்கேயே எக்ஸ்டெண்ட் செய்யுங்கள். வேறு நோடில் முயன்றால் வராது. பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க் 2 டிபிக்கு மேல் போகாது. 4 கேபி அலகில் ஃபார்மேட் செய்த என்டிஎஃப்எஸ் 16 டிபியைத் தாண்டாது. வால்யூம் உருவாக்கும் நாளிலேயே இதை யோசித்துவிட வேண்டும்.

இரண்டாவது ஆபத்தானது. தின் புரொவிஷனிங்கில் பெட்டி, இல்லாத இடத்தையும் இருப்பதாகச் சொல்லிக் கொடுக்கும். விண்டோஸில் 800 ஜிபி காலி என்று தெரியும், பெட்டியின் மொத்த இருப்பான பூலில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அப்போது எழுதும் முயற்சி தோற்கும், லன்னே ஆஃப்லைன் ஆகலாம். விண்டோஸ் பக்கம் எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படாது, பெட்டியின் திரையில்தான் தெரியும். பழைய ஸ்னாப்ஷாட்டுகளைப் பெட்டியிலேயே நீக்கினால் உடனடியாகக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். விர்ச்சுவல் மெஷின்களை நீக்கிய பிறகும் பூலில் இடம் திரும்பவில்லை என்றால், அழித்த இடத்தைப் பெட்டிக்குத் தெரிவிக்கும் அன்மேப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பூல் நிரம்பும் முன்பே எச்சரிக்கை மெயில் வரும்படி வையுங்கள், அந்த மெயில் வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்குப் போகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தீரவில்லை, கம்பெனிக்காரரை அழைக்கப்போகிறேன்

அழைக்கும் முன் இரு நோடுகளின் சிஸ்டம் லாக்கையும் பெட்டியின் லாக்கையும் எடுத்து வையுங்கள். கூடவே கெட் கிளஸ்டர்லாக் கட்டளை கொடுத்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் கிளஸ்டர், அதற்குள் ரிப்போர்ட்ஸ் என்ற இடத்தில் விரிவான லாக் உருவாகும். அதில் நேரம் நம் நேரமாக இருக்காது, யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். சிஸ்டம் லாக்கில் காலை 10:05-க்கு வந்த பிழையைக் கிளஸ்டர் லாக்கில் 4:35-இல் தேட வேண்டும். யூஸ் லோக்கல் டைம் என்ற சுவிட்சைச் சேர்த்துக் கொடுத்தால் இந்தக் கழித்தல் வேலை மிச்சம். பெட்டியின் கடிகாரமும் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். தவறாக இருந்தால் எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்து அதையும் சேர்த்து அனுப்புங்கள்.